செல்லா ஒப்பந்தமும் தவிர்தகு ஒப்பந்தமும்

இருவர் மனமொத்து எழுதிக்கொண்டதாகத் தோன்றும் உடன்படிக்கையை எந்தெந்தக் காரணத்தால் நீதிமன்றம் ஏற்க மறுக்கும் என்பதை இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வரையறுக்கிறது. அந்தக் காரணங்கள் இரு வகைப்படும். சில காரணங்களால் உடன்படிக்கை தொடக்கத்திலிருந்தே செல்லாமல் போகிறது. யார் விரும்பினாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. வேறு சில காரணங்கள் முடிவைப் பாதிக்கப்பட்டவர் கையில் விட்டுவிடுகின்றன. அவர் வேண்டாமென்று ஒதுக்கும்வரை அது நல்ல ஒப்பந்தம்தான். முதலாவது செல்லா ஒப்பந்தம், இரண்டாவது தவிர்தகு ஒப்பந்தம். பேச்சுவழக்கில் இரண்டையும் ‘செல்லாது’ என்றே சொல்லிவிடுகிறோம். வழக்கென்று வந்தால், யார் நீதிமன்றப் படியேற வேண்டும், எத்தனை ஆண்டுக்குள் ஏற வேண்டும், இடையில் வாங்கிய மூன்றாமவர் கதி என்ன என்ற மூன்றும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

மூன்றாமவர் நிலையை ஓர் உதாரணத்தால் காணலாம். ஒருவர் பெயர்பெற்ற வேறொரு வணிகராக நடிக்காமல், தன் பண வசதியைப் பற்றி மட்டும் புளுகி, பணமில்லாத கணக்கின் காசோலையைக் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்குகிறார். மறுநாளே விவரமறியாத ஒருவருக்கு விற்றுவிடுகிறார். முதல் விற்பனை மோசடியால் நடந்தது. ஆகவே தவிர்தகு நிலையில் இருக்கிறது. அதை உரிமையாளர் ரத்து செய்வதற்குள் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 29ஆம் பிரிவின்படி முழு உரிமை கிடைத்துவிடும். முதல் விற்பனை செல்லாததாக இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை.

கெடுக்கப்பட்ட இசைவு

இசைவு சுதந்திரமாகத் தரப்பட்டிருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. வல்லந்தம் (பிரிவு 15), தகாத செல்வாக்கு (16), மோசடி (17), தவறான கூற்று (18) ஆகியவற்றால் பெறப்பட்ட இசைவு ஒப்பந்தத்தைத் தவிர்தகு நிலைக்குக் கொண்டுவரும். தகாத செல்வாக்குக்குரிய பரிகாரம் 1899இல் 19அ பிரிவாகத் தனியே சேர்க்கப்பட்டது.

வல்லந்தத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கண்ட இரண்டு வழக்குகளை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். முதலாவது 1889இல் வந்த ரங்கநாயகம்மா வழக்கு. கணவனை இழந்த 13 வயதுப் பெண். பிணம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர் தடுத்து நின்றார்கள். அவள் சம்மதித்தாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்த்தது. கத்தியைக் காட்டி மிரட்டுவது மட்டுமே வல்லந்தம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும்.

இரண்டாவது, 1917இல் தீர்க்கப்பட்ட சிக்கம் அம்மிராஜு வழக்கு. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியும் மகனும் தங்களுடையது என்று கோரிய சொத்துக்குத் தன் சகோதரர் பெயரில் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவைத்தார் ஒருவர். இது வல்லந்தமே என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். தற்கொலைக்குத் தண்டனை இல்லாதது இறந்தவரைத் தண்டிக்க முடியாது என்பதால்தான். சட்டம் அதை அனுமதிக்கிறது என்று ஆகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒரு நீதிபதி மாறுபட்டார். 15ஆம் பிரிவு, குற்றவியல் சட்டம் தடைசெய்த செயலைச் செய்வதாக மிரட்டுவதையே முதன்மையாகக் குறிப்பதால் இந்த விவாதம் எழுந்தது. தற்கொலை முயற்சியைப் பொதுக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டுமே இன்று அது குற்றம். எனவே அந்தப் பழைய தீர்ப்பின் அடித்தளம் இனி கேள்விக்குள்ளாகும். குடும்பத்துக்குள் நடக்கும் இத்தகைய மிரட்டலைத் தகாத செல்வாக்கின் கீழ் கொண்டுவருவதே இப்போது பொருத்தமான வழி.

தகாத செல்வாக்கில் கைமுட்டி தேவையில்லை; ஒருவர் மற்றவரின் முடிவை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்து, அதை வைத்து நியாயமற்ற ஆதாயம் தேடியிருக்க வேண்டும். சட்டமே தரும் உதாரணம் நம் ஊர்களுக்கு நன்கு பழக்கமானது: கிராமத்து லேவாதேவிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர், மனச்சாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனைகளோடு மீண்டும் கடன் வாங்குகிறார். அங்கே செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில் விழுகிறது.

மோசடிக்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும். உண்மையென நம்பிச் சொன்னது பொய்யாகிப்போனால் அது தவறான கூற்று. விற்பவர் வாய்மூடி இருந்தது மட்டுமே பொதுவாக மோசடி ஆகாது. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

மோசடியிலும் ஒரு நுட்பமான பிரிவு உண்டு. 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நிங்கவ்வா வழக்கில், இரண்டு நிலங்களுக்கான தானப் பத்திரம் என்று சொல்லி மனைவியிடம் கையொப்பம் வாங்கிய கணவர், அதில் வேறு இரண்டு நிலங்களையும் சேர்த்திருந்தார். பத்திரத்தின் தன்மையைப் பற்றியே ஏமாற்றியிருந்தால், அதாவது தானப் பத்திரத்தை வேறு ஏதோ ஆவணம் என்று காட்டியிருந்தால், அது செல்லாதது. உள்ளடக்கத்தைப் பற்றி ஏமாற்றியிருந்தால் தவிர்தகுவது மட்டுமே என்று நீதிமன்றம் கோடு போட்டது. அந்தப் பெண் ஏமாற்றப்பட்டது உண்மை. ஆனால் தவிர்தகு பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் காலக்கெடு கடந்துவிட்டதால் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட நிலங்கள் அவருக்குத் திரும்பவில்லை. இன்று அந்தக் கெடு, காரணம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. படிக்காமல் கையெழுத்திடும் எத்தனையோ பெண்களை நினைத்தால், இந்தக் கோடு கொடியது என்றே சொல்ல வேண்டும்.

தொடக்கத்திலேயே செல்லாதவை

மைனர் செய்யும் ஒப்பந்தம் இதில் முதன்மையானது. கல்கத்தாவில் 1895இல் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதினார். கடன் கொடுத்தவரின் முகவருக்கு அவர் மைனர் என்பது தெரியும். 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் அந்த அடமானம் முற்றிலும் செல்லாது என்று தீர்த்தது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் மறுத்தது. ஆனால் பணம் கொடுத்தவரே மைனராக இருந்து, அவர் பெயருக்கு அடமானம் எழுதப்பட்டிருந்தால் அதை அமல்படுத்தலாம் என்று 1916இல் சென்னை முழு அமர்வு கூறியது. மைனரைக் காப்பதே நோக்கம் என்பதால் இது பொருந்திவருகிறது.

மைனரின் தனிச்சொத்தைப் பெரியவர்கள் விற்கும்போதுதான் வீடுகளில் சிக்கல் அதிகம். 1956ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாளர் சட்டப்படி, தகப்பனோ அவருக்குப் பின் தாயோ நீதிமன்ற அனுமதியின்றி மைனரின் நிலத்தை விற்றால் அது தவிர்தகு விற்பனை. பிள்ளை மேஜரான பின் 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதையே சித்தப்பாவோ தாய்மாமனோ தாங்களாகக் காப்பாளர் என்று சொல்லிக்கொண்டு விற்றால் அது செல்லவே செல்லாது.

இருதரப்பும் ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு செய்தியில் பிழைபட்டிருந்தாலும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 20) ஒப்பந்தம் செல்லாது. ஒருவர் மட்டும் பிழைபட்டால் அது அவர் பாடு. மறுபயன் இல்லாதவை, திருமணத்தைத் தடுப்பவை, தொழிலைத் தடுப்பவை, வழக்கிடும் உரிமையைப் பறிப்பவை, பொருள் தெளிவில்லாதவை, பந்தயங்கள் ஆகியவற்றை 25 முதல் 30 வரையிலான பிரிவுகள் செல்லாதவை என்கின்றன. சிலவற்றுக்கு விலக்குகள் உண்டு.

சட்டத்துக்கோ பொதுக் கொள்கைக்கோ முரணானவற்றை 23ஆம் பிரிவு ஒதுக்குகிறது. 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில், நிரந்தர ஊழியரை 3 மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணமின்றி வெளியேற்றலாம் என்ற அரசு நிறுவன விதியை உச்ச நீதிமன்றம் இதன்கீழ்தான் செல்லாததாக்கியது.

ரத்தும் திருப்பித் தருதலும்

தவிர்தகு ஒப்பந்தத்தை ரத்து செய்பவர் தான் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் (பிரிவு 64). ஒப்பந்தம் செல்லாதது என்று பின்னால் தெரியவந்தாலும் 65ஆம் பிரிவு அதையே சொல்கிறது. மைனருக்கு எதிராக இவை பயன்படாது என்று மோகரி பீபி தீர்ப்பு சொன்ன இடைவெளியை, 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம் 33ஆம் பிரிவு ஓரளவு அடைத்தது. மைனரோ அவர் சொத்தோ அடைந்த பயனளவுக்குத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் இப்போது உத்தரவிடலாம்.

விற்றவர் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் போய், கிரயப் பத்திரத்தை ரத்து செய்வதாக ஒரு ரத்துப் பத்திரம் பதிவுசெய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் வெகுகாலம் இருந்தது. அப்படி ஒருதலையாக எழுதப்படும் ரத்துக்குச் சட்ட மதிப்பில்லை என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. வாங்கியவரும் கையொப்பமிட வேண்டும். அவர் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் ரத்து கோர வேண்டும்.