மேடையில் உறுதிப்பட்ட வடிவம், கூடத்தில் பிறந்த தற்கணக் கற்பனை: பிங்க் ஃபுளாய்டின் 1972 - 73 பாடல்களை முன்வைத்து

ராக் இசையில் மூலப் படைப்பு எது? மேடையில் பாடப்படுவதா, இசைத்தட்டில் பதிந்திருப்பதா? தியோடர் கிரேசிக் ‘ரிதம் அண்ட் நாய்ஸ்’ (1996) நூலில் ஒலிப்பதிவையே முதன்மைப் படைப்பாகக் கொள்கிறார். ராக் பாடல்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்த்துவதற்கென்றே இயற்றப்படுபவை என்பது ஸ்டீபன் டேவிஸின் (2001) வாதம். இரு பார்வைகளிலும் எடை கூடத்தின் பக்கமே சாய்கிறது. இவற்றுக்கு அடியில் பொதுவான ஓர் எண்ணமும் உண்டு: மேடை சுதந்திரத்தின் களம், கூடம் இறுதி செய்யும் களம். பதிவுக்கு முன்பே மேடையில் வளர்ந்த பாடல்கள் இந்த எண்ணத்தைத் தலைகீழாக்குகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிங்க் ஃபுளாய்ட் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ இசைத்தொகுதி இதற்குத் தெளிவான சான்று. 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் டோம் அரங்கில் இசைக்கத் தொடங்கிய இத்தொகுதி, தொழில்நுட்பக் கோளாறால் இடையில் நின்றது. பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகையாளர்கள் முன் அரங்கேறியது. அதன் பின்னரே அபே ரோடு கூடத்தில் பதிவு தொடங்கியது. பயணங்களுக்கு இடையே தொடர்ந்து 1973 தொடக்கத்தில் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் தட்டு வெளியானது.

மேடை இத்தொகுதிக்கு அளித்தது வடிவம். பாடல்களின் வரிசையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றிச் செல்லும் போக்கும் அங்கேயே பெரும்பாலும் உறுதிப்பட்டன. நிறைவுப் பாடலான ‘எக்லிப்ஸ்’ தொடக்க நிகழ்ச்சிகளில் இல்லை. தொகுதிக்குத் தக்க முடிவு வேண்டும் என்று உணர்ந்த குழு உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் சுற்றுப்பயணத்தின்போதே அதை எழுதிச் சேர்த்தார். வடிவத்தின் குறை, முழுத் தொகுதியையும் இசைத்துப் பார்க்கையில்தான் புலப்பட்டது. இதை ஒத்திகை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இயற்றுதலின் ஒரு கட்டமே இது.

கூடம் மாற்றியது ஒலியை. மேடையில் ‘டைம்’ மெதுவான நடையில் சென்றது. பதிவில் நடை இறுகி, பெண்களின் பின்னணிக் குரல்களும், பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் முன்னரே பதிவு செய்திருந்த கடிகார ஒலிகளும் சேர்ந்தன. மேடையில் கிட்டாரும் கீபோர்டும் முன்னின்ற, ‘பயணப் பகுதி’ எனப்பட்ட இசைத் துண்டு பதிவில் அகன்றது. எட்டுச் சுரங்களை அதிவேகமாகச் சுழற்றும் சிந்தசைசர் இசை ‘ஆன் த ரன்’ ஆக அந்த இடத்தைப் பிடித்தது.

வாதத்துக்கு அடித்தளம் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’. மேடையில் இது குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கன் வாசிப்பும், விவிலிய வாசிப்பு உள்ளிட்ட பேச்சுப் பதிவுகளும் இணைந்த பகுதி. அதாவது இங்கே முன்பே பதிவான ஒலியைச் சார்ந்திருந்தது மேடைதான். 1973 ஜனவரியில் கூடத்துக்கு அழைக்கப்பட்ட பாடகி கிளேர் டோரி, ரைட்டின் கார்டு வரிசை மீது சொற்களின்றி அக்கணத்தில் தோன்றியதைப் பாடினார். சில முறை பாடியவற்றிலிருந்து தொகுத்ததே நாம் கேட்பது. ஆக, தொகுதியின் மிகச் சுதந்திரமான கணம் கூடத்தில்தான் பிறந்தது. அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. இசையமைப்பில் தன் பங்கைக் கோரி 2004இல் அவர் தொடுத்த வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தபின், இணை இசையமைப்பாளராக அவர் பெயரும் இடம்பெறுகிறது. கூடத்தில் நிகழ்ந்த பாடுதல், இயற்றுதலாகவே ஏற்கப்பட்டது.

மறுப்பு ஒன்று எழலாம்: தட்டு வெளியானபின் மேடைதானே அதைப் பின்பற்றியது? உண்மை. பின்னணிப் பாடகியரும் சாக்சபோனும் மேடையேறியது தட்டின் ஒலியை மீட்கவே. கிரேசிக்கின் கோட்பாடு இக்கட்டத்துக்கு நன்கு பொருந்துகிறது. ஆனால் ஒரு படைப்பு எதனால் அடையாளம் காணப்படுகிறது என்பதும் அது எப்படி உருவானது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு ஒலிப்பதிவு விடை தரலாம். இரண்டாவதற்கு மேடைப் பதிவுகளையும் தட்டையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டுக் கேட்டாக வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் எழுதப்படும் ராக் வரலாறு, ‘எக்லிப்ஸ்’ போன்ற ஒரு முடிவு ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்காது.