ஆயிரம் வருஷம் யாருடையது?

பைபிளின் கடைசிப் புத்தகத்தில், இருபதாம் அதிகாரத்தில், சாத்தானைக் கட்டிப்போட்ட பிறகு, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் உயிர்த்தெழுந்து கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் ஆளுவார்கள் என்று வருகிறது. சில வசனங்கள்தான். ஆனால் அந்த ஆயிரத்தை எப்படி வாசிக்கிறது என்ற சண்டை பதினெட்டு நூற்றாண்டுகளாக ஓயவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு, எந்த விளக்கம் சரி என்பதைவிட, யார் எந்தக் காலத்தில் எந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே பெரிய கேள்வி.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசுக்குள் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம். யுஸ்தீன், இரேனேயுஸ் இருவரும் ஆயிரம் வருஷத்தை அப்படியே நம்பினார்கள். யுஸ்தீன் ரோமில் கொல்லப்பட்டவர். இரேனேயுஸின் லியோன் நகரச் சபை 177இல் கடும் துன்புறுத்தலைக் கண்டது. எந்த மண்ணில் பாடுபட்டார்களோ அதே மண்ணில்தான் பலனும் கிடைக்கவேண்டும் என்பது இரேனேயுஸின் வாதம். இது சும்மா கற்பனை இல்லை, நியாயம் கேட்கிற குரல்.

அப்போதும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. நல்ல கிறிஸ்தவர்களிலேயே பலர் வேறுமாதிரி நினைக்கிறார்கள் என்று யுஸ்தீனே எழுதுகிறார். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென் இதை உருவகமாக வாசித்தார். அவரும் சிறையில் சித்திரவதை பட்டவர்தான். ஆகவே 'ஒடுக்கப்பட்டவர் நேரடியாக வாசித்தார், அதிகாரத்தில் இருந்தவர் உருவகமாக வாசித்தார்' என்று சுலபமாகக் கோடு கிழிக்க ஏலாது.

ஆனாலும் 313க்குப் பிறகு நிலைமை மாறியது. பேரரசே சபையின் பக்கம் வந்தது. முதலில் நேரடி வாசிப்பை நம்பிய அகுஸ்தீன் பிறகு அதைக் கைவிட்டார். ஆயிரம் என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட முழுக் காலம், அந்த ஆட்சி இப்போதே சபையில் நடக்கிறது என்றார். எந்தப் பேரரசும் கடவுளின் நகரம் ஆகாது என்பதும் அவர் சொன்னதுதான். பின்னால் வந்த செல்வாக்கான சபைக்கு முதல் பாதி நல்லாப் பிடித்தது. இரண்டாம் பாதி வசதியாக மறந்துபோனது.

மறுபக்கமும் இருக்கு. 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை அனபாப்டிஸ்டுகள் பிடித்தார்கள். புதிய எருசலேம் இதுதான் என்றார்கள், சொத்தைப் பொதுவாக்கினார்கள். கடைசியில் யான் வான் லைடன் என்ற தையல்காரர் தன்னை ராஜாவாக்கிக்கொண்டு, எதிர்த்தவர்களைக் கொன்றார். 1535இல் நகரம் விழுந்தது. தலைவர்கள் மூவரின் உடல்களைப் போட்டுத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் இன்றும் அங்குள்ள தேவாலயக் கோபுரத்தில் இருக்கின்றன.

மூன்றாவது வாசிப்பு எங்கள் ஊர்வரை வந்தது. சுவிசேஷமும் கல்வியும் பரவப்பரவப் பொற்காலம் வரும், அதன் பிறகுதான் கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பலமாக இருந்தது. சாமுவேல் ஹொப்கின்ஸ் 1793இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தச் சூழலில் வளர்ந்த மிஷனரிகள்தான் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடமும் அச்சகமும் அவர்களுக்கு அந்தப் பொற்காலத்துக்கான வேலை. அதே நம்பிக்கைக்குள், இங்கிருந்த சமயங்கள் மறையவேண்டியவை என்ற தீர்ப்பும் இருந்தது.

'நல்ல காலம் வரும்' என்று கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்த வரலாறு ஞாபகம் வருகிறது. காத்திருக்கிறவர் சொல்கிறாரா, காத்திருக்கச் சொல்கிறவர் சொல்கிறாரா, அது ஏற்கெனவே வந்துவிட்டது என்கிறவர் சொல்கிறாரா? வசனம் ஒன்றுதான், ஆனால் அதன் அர்த்தம் சொல்கிறவர் நிற்கிற இடத்தையும் பொறுத்தது.