ஸ்டீராய்டும் எலும்பும்: ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்



போன மாதம் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் சுரீரென்றது. எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது. முடக்குவாதத்துக்காக இரண்டு வருடமாக பிரெட்னிசலோன் சாப்பிடுகிறேன். அது எலும்பை அரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படுத்துக் கிடந்த நாட்களில் இந்த மருந்தின் கதையைப் படித்தேன். வரலாறு வாத்தியார் புத்தி போகுமா?

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மேயோ கிளினிக். முடக்குவாதத்தால் அவதிப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் ஃபிலிப் ஹென்ச்சின் குழு கார்டிசோன் ஊசி போட்டது. சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், உடன் உழைத்த வேதியியலாளர் கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு.

ஆனால் எச்சரிக்கை மணி 16 வருடம் முன்பே அடித்துவிட்டது. 1932-ல் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். முகம் உருண்டுவிடும், வயிறு பருக்கும், எலும்பு நொய்ந்து முதுகு கூனும். உடலில் கார்டிசால் அளவுக்கு மீறுவதே காரணம் என்பது பின்னால் தெளிவானது. உள்ளே சுரந்து எலும்பை அரிப்பது, மாத்திரையாக வந்தால் மட்டும் சும்மா விடுமா? நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் அதே முகம், அதே எலும்பு முறிவு. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு இதைத் தடுக்கும் பரிந்துரைகளை வெளியிட்டது 1996-ல்.

எலும்பு, ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் கட்டிக்கொண்டே இருக்கும் வீடு. ஸ்டீராய்டு கொத்தனாரை வேலை செய்ய விடாது. உணவிலுள்ள கால்சியம் உடலில் சேர்வதையும் குறைக்கும். முதல் சில மாதங்களில்தான் சேதம் வேகம்.

ஆகவே, ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதமோ அதற்கு மேலோ தேவைப்படும் என்றால், "என் எலும்புக்கு என்ன பாதுகாப்பு?" என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து என்று அவர் முடிவு செய்வார். நடைப்பயிற்சி நம் கையில். புகையும் குடியும் வேண்டாம்.

ஒன்று முக்கியம். இதைப் படித்துப் பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்து. நானும் நிறுத்தவில்லை, டாக்டர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறேன்.

"தேதிகளைப் படித்து என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்ட கடைசி பெஞ்சுக்காரர்களே, 1932-ஐ நான் முன்பே படித்திருந்தால் என் முதுகு தப்பித்திருக்கலாம். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று இன்றே பாருங்கள்.