பட்டியலைக் காட்டுங்கள்

அரசாங்க ஏடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கும் உரிமையை முதன்முதலில் சட்டமாக்கிய நாடு சுவீடன், ஆண்டு 1766. நம் நாட்டில் அவ்வுரிமைக்காகப் பெரிதும் போராடியவர்கள் மண் சுமந்த கூலி மக்கள்.

இராஜஸ்தானத்துக் கிராமங்களில் பஞ்ச நிவாரண வேலை செய்தோர்க்குக் குறித்த கூலி கிட்டவில்லை. ‘மஸ்டர் ரோல்’ என்னும் வருகைப் பட்டியலைக் காட்டுமாறு கேட்டனர்; அலுவலர் மறுத்தனர். 1994 இறுதியில் தொடங்கிய ஊர்ப் பொதுமன்றங்களில் அப்பட்டியல்கள் உரக்க வாசிக்கப்பட்டபோது, இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. வருகைப் பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு சிறு கோடு எத்துணைப் பொய் சொல்லும் என்பதை நன்கறிவேன்! 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு, மாநிலங்களுள் முதலாவதாகச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் தவணை; கேட்பவர் காரணம் கூற வேண்டுவதில்லை.

இன்றோ செயற்கை நுண்ணறிவு நூறு மனுக்களை நொடியில் எழுதித் தருகிறது. விடையளிக்க வேண்டியவர் அதே தகவல் அலுவலர்தாம். அக்குவியலில் ஓர் ஏழைக் கிழவியின் ஓய்வூதிய மனு அமிழ்ந்துவிடுமோ என அஞ்சுகிறேன். ஆயினும், பல்லாயிரம் பக்கங்களில் இருமுறை வந்த பெயரைக் கண்டுபிடிக்கவும் அப்பொறி வல்லதன்றோ? ஆதலின் மனுக்களைத் தடுப்பதைக் காட்டிலும், எவரும் கேட்குமுன்னரே ஏடுகளை வெளியிடுதலே தக்கது என்பேன். வெளியிட வேண்டியவை எவையென 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வரிசையாகவே விதித்துள்ளது. பியாவர் வீதியில் அமர்ந்தோர் கேட்டதும் பட்டியலின் நகலைத்தான்.