இருபத்தெட்டு தடவை ஒரே வேலை

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்காமல் நம் கல்லூரியில் யாரும் படித்து முடித்திருக்க மாட்டோம். பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீர் போகிறது. 1966-இல் கட்டி முடித்தார்கள். அதிக உயரம் 115 அடி, தூண்கள் 28. எனக்கு அந்த 28 மேலதான் கண்ணு.

வானம் தோண்டு, கம்பி கட்டு, சென்ட்ரிங் அடி, கான்கிரீட் போடு, அடுத்த தூணுக்கு நகரு. ஒரு செட்டு ஆட்கள் பிந்தினால் பின்னால் வருகிறவர்கள் சும்மா உட்கார வேண்டியதுதான். கூலி மட்டும் ஓடும். தூண்களும் ஒரே உயரமில்லை, கரையோரம் குட்டை, நடுவே நெட்டை. போதாததற்கு நம்ம ஊருக்கு வருஷம் ரெண்டு மழை. ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்ய எத்தனை நாள் மிஞ்சும்?

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் ‘சைக்ளோன்’ முறையை அமெரிக்காவில் ஹால்பின் கொண்டுவந்தது 1970-களில்தான். இன்றைக்கு சிமுலேஷன் போட்டாலும் அது முதலில் கேட்பது, ஒரு தூணுக்குக் குறைந்தது எத்தனை நாள், கூடிப்போனால் எத்தனை நாள் என்றுதான். அன்று அது கொத்தனார்மார் தலையில் இருந்த கணக்கு. அங்கே கம்பி கட்டினவர்கள், மண் சுமந்தவர்கள் திருவட்டார், அருவிக்கரைப் பக்கம் இருந்தால் வயது எண்பதை நெருங்கியிருக்கும், தாண்டியும் இருக்கும். தம்பிமாரே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது கேட்டு எழுதி வையுங்கள்.