கூப்பிடு தூரம்

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அங்கிருந்தே யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். மதுரையைவிட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது. வரைபடத்தில் அளவுகோலை வைத்தாலே விளங்கிவிடும் இவ்வுண்மையைச் சொன்னால், நம்பத் தயங்குவோர் பலர். அந்தத் தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தயக்கம் இருந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிக்கொண்டு வண்ணார்பண்ணைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. 1887இல் கலித்தொகையை முதன்முதலில் அச்சேற்றியவரும் அவரே. நம் பதிப்பு வரலாற்றின் முதல் அத்தியாயங்கள் இக்கடலைக் கடந்து எழுதப்பட்டவை.

வான்வழியும் முன்பே திறந்ததுதான். பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் டகோட்டா விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. இலங்கையின் சொந்த விமானச் சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது என்பது நினைவுகொள்ளத்தக்கது.

பின்னர் இன மோதலும் போரும் வந்தன. சென்னைச் சேவை நின்றது. பலாலி இராணுவத் தளமாயிற்று. சென்னைக்கு வர விரும்பிய யாழ்ப்பாணத்தார் முதலில் எதிர்த்திசையில், தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சென்று கொழும்பை அடைய வேண்டும். பின் கட்டுநாயக்காவில் விமானமேறி, வடக்கே ஏறத்தாழ 645 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அவ்விமானம் அவர்கள் புறப்பட்ட ஊரின் அட்சரேகையைத் தாண்டித்தான் சென்னைக்கு வரும். 355 கிலோமீட்டர் ஆயிரத்துக்கும் மேலாக நீண்ட கதை இதுதான்.

கொழும்புவரை செல்வதும் எளிதாயிருக்கவில்லை. 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது. 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் பயணிகள் விமானம் 55 பேருடன் கடலில் வீழ்ந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபின், குடாநாட்டை விட்டு வெளியேற இராணுவத்தின் அனுமதி வேண்டும். அதன்பின் கப்பலிலோ விமானத்திலோ இடம் கிடைக்க வேண்டும். அந்நாட்களில் பயண நேரத்தை எந்தக் கால அட்டவணை சொல்லியிருக்க முடியும்?

நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின், 2019 அக்டோபர் 17 அன்று சென்னையிலிருந்து ஒரு சிறு விமானம் பலாலியில் இறங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் மற்றொரு நிறுவனமும் இணைந்தது. பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

நம் முன்னோர் தொலைவை 'நாழிகைவழி' எனக் காலத்தாலும், 'கூப்பிடு தூரம்' எனக் குரலாலும் அளந்தனர். அரசுகள் அதை அனுமதியால் அளக்கின்றன. கடல் அகலவுமில்லை, குறுகவுமில்லை. மூடியதும் திறந்ததும் மனிதர்களே. ஆகவே ஒன்றேகால் மணி நேரம் என்பதை வெறும் பயணத் தகவலாகக் கொள்ளாமல், மீண்டும் இழந்துவிடக் கூடாத ஒன்றாகக் கொள்வதே தகும்.