சொன்ன பிறகு சுலபம்

ஆரணியில் பட்டு நெசவாளர் தெருவுக்குக் காலை வேளையில் போயிருக்கிறீர்களா? வீதி நெடுகப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து கொண்டிருப்பார்கள். வேலை பழகும் பையனுக்கு அங்கே கிடைக்கும் முதல் உபதேசம், "மெல்ல இழுடா, மெல்ல!" என்பதுதான். வெடுக்கென்று இழுத்தால் இழை போய்விடும். தெருவுக்கே தெரிந்த சங்கதி இது.

விஞ்ஞானிகளும் ஒரு விஷயத்தில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்க டெஃப்லான் பூசுகிறார்கள் அல்லவா? அந்தப் பொருளைக் கம்பியாக்கி, சூடுபடுத்தி நீட்டப் பார்த்தார்கள். எவ்வளவு மெதுவாக இழுத்தும் அறுந்தது. 1969 அக்டோபரில் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் பொறுமை இழந்து, சூடான கம்பியை வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தார். என்ன ஆச்சரியம்! அறவில்லை, சுமார் பத்து மடங்கு நீண்டது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த புதுப் பொருள் பிறந்தது. அதைத் துணியோடு சேர்த்து ஒட்டியதும், மழையைத் தடுத்து வேர்வையின் ஆவியை வெளியே விடும் துணி கிடைத்தது.

கோர் கம்பெனி பேடண்டு வாங்கியது. கார்லாக் என்ற கம்பெனியோடு வழக்கு மூண்டது. "தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதானே இது?" என்பது எதிர்வாதம். கீழ்க் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் 1983-ல் அப்பீல் கோர்ட்டு அந்த முடிவைத் தள்ளியது. எல்லாரும் மெல்ல இழுக்கச் சொன்ன காலத்தில் ஒருவர் வேகமாக இழுத்திருக்கிறார். விடை தெரிந்த பின் திரும்பிப் பார்த்து, சுலபம் என்று சொல்வது நியாயமல்ல என்றது.

நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே விடை வேறு. பாத்திரங்களைக் கடைசல் யந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கு மிர்ஸாப்பூர்க் கம்பெனி ஒன்று 1951-ஆம் வருஷத் தேதியில் பேடண்டு பெற்றிருந்தது. அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருந்த சாதனங்களைச் சற்றே மாற்றிச் சேர்த்ததுதான் அது என்று சொல்லி, 1978 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பேடண்டை ரத்து செய்தது.

இரண்டும் நியாயந்தான். தெருவுக்குச் சொந்தமான அறிவை ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளலாகாது. தெருவே எண்ணிப் பாராததைக் கண்டவரின் பலனை மற்றவர்கள் பறிக்கவும் கூடாது.

நாளை ஆரணித் தறியொன்றில் புதிதாக ஏதேனும் பிறக்கலாம். "இது என்ன பிரமாதம்!" என்று நாம் வாய் திறக்குமுன் ஒன்று கேட்டுக்கொள்வோம்: அவ்வளவு சுலபமானது நேற்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?